கரி பூசிய மதராஸி

எங்கள் பெஹாலா வீட்டில் மாடியில் குடியிருப்பவரை நான் பௌதி என்று கூப்பிடுவேன். வங்காளத்தில் அண்ணியை அப்படித்தான் சொல்வார்கள். போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர்தான் என்னை அந்த நாடகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கரியாஹாட் பக்கத்தில் சின்ன அரங்கம். பழைய நகைச்சுவை நாடகம், சின்ன வயதில் பார்த்த வசனங்கள் பௌதிக்கு இன்னும் மனப்பாடம்.

கல்யாணமாகாதவர்கள் சேர்ந்து தங்கும் ஒரு மெஸ்ஸில் இருப்பவன், பெண் கொடுக்க வந்த பெரியவரிடம் இது என் சொந்த வீடு என்று அளந்துவிடுகிறான். கூட இருப்பவர்கள் மாமாவாகவும் டிரைவராகவும் நடித்துச் சமாளிக்கிறார்கள். இடைவேளை வரை வயிறு வலிக்கச் சிரித்தேன்.

இடைவேளைக்குப் பிறகு சமையல்காரன் வந்தான். மதராஸியாம். முழங்காலுக்கு மேல் லுங்கி, நெற்றி நிறையப் பட்டை, முகமெல்லாம் கரி. கழுத்துக்குக் கீழே நடிகரின் சொந்த நிறம் பளிச்சென்று தெரிந்தது. "ஐயய்யோ, அண்டா குண்டா, இட்லி சாம்பார்!" என்று கத்திக்கொண்டே ரசகுல்லாவின் மேல் சாம்பாரை ஊற்றினான். அரங்கமே அதிர்ந்தது. பௌதி சிரிப்புத் தாங்காமல் என் தோளில் சாய்ந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் அப்பா இந்த ஊர்த் துறைமுகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். மார்க்கெட்டில் அவர் வாயைத் திறந்ததும் கடைக்காரர்கள் இதே மாதிரி "அண்டா குண்டா" என்பார்கள். அவரும் சிரித்துவைப்பார். சின்னப் பெண்ணாகப் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும் எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காது.

திரை விழுந்ததும் பௌதியிடம் கேட்டேன். "நீங்க பார்த்த காலத்திலேயும் சமையல்காரன் மதராஸிதானா?"

அவர் யோசித்தார். "இல்லையே. அப்போ ஒடியாக்காரன்."

"வாங்க, உள்ளே போய்க் கேட்போம்."

மேடைக்குப் பின்னால் இயக்குநர் சமோசா மாதிரியான சிங்காரா தின்றுகொண்டிருந்தார். நான் பெங்காலியிலேயே கேட்டேன். அவர் கொஞ்சமும் கூசவில்லை; அக்கா என்கிற மாதிரி தீதி என்றே பேசினார்.

"ஒடியாக்காரங்க ஆட்சேபிச்சாங்க தீதி. அதான் மாத்தினோம். உங்க ஆளுங்க பெங்காலி நாடகம் பார்க்க வர்றதில்லையே, பிரச்சினை வராதுன்னு நினைச்சோம்."

"நான் வந்திருக்கேனே?"

"சும்மா சிரிக்கத்தானே! கிளாசிக் நாடகம், மனசிலே வச்சுக்காதீங்க."

"கிளாசிக்குன்னா ஊரை மட்டும் எப்படி மாத்தினீங்க?"

அவர் அடுத்த சிங்காராவை எடுத்தார். கண்ணாடி முன்னால் கரியைத் துடைத்துக்கொண்டிருந்த நடிகர் எழுந்து வந்தார். சின்ன வயது. நிஜமான அக்கறையோடுதான் கேட்டார். "தீதி, நான் பேசினது தப்பா? சரியான தமிழ் ரெண்டு வார்த்தை சொல்லிக் கொடுங்க. அடுத்த ஷோவிலே சேர்த்துடறேன்."

அதுதான் என்னை இன்னும் கிளறிவிட்டது. "உங்க உச்சரிப்பைத் திருத்த நான் வரலை. அந்தக் கரியை இனிமே பூசாதீங்க, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது பௌதி, "நானும் சிரிச்சுட்டேன்" என்றார்.

"பார்த்தேன்" என்றேன். அதற்கப்புறம் பல நாள் படியில் எதிர்ப்பட்டால் தலையசைப்பதோடு சரி.

மார்ச் மாதம் ஒரு காலையில், கார்டன் ரீச் ஆபீஸுக்கு நான் கிளம்பும் நேரம், அவர் இறங்கி வந்தார். அவருடைய தங்கை முந்தின நாள் அதே நாடகத்துக்குப் போயிருந்தாளாம்.

"இப்போ சமையல்காரன் மதராஸி இல்லையாம்."

"அப்படியா?"

"பீகார்காரன்."

என் கோபத்தை நாடகக்காரர்கள் புரிந்துகொண்ட விதம் அது. "கரி?"

"அது அப்படியேதான் இருக்காம்."

வீட்டைப் பூட்ட எடுத்த சாவி என் கையிலேயே இருந்தது. பௌதி அதை வாங்கிப் பூட்டினார்.

"அடுத்த ஷோவுக்குப் போகலாம் வா" என்றார். "இந்தத் தடவை நான் பேசறேன்."