ராஜவேலுவின் கோடாலி வெட்டு

ஒரே கேள்வியை ஜெர்மன்காரி ஒரு முறை கேட்டாள். அதையே இத்தாலிக்காரன் திருப்பிக் கேட்டான். பிறகு இருவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டு, டேப் ரெக்கார்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். கெங்கம்மாளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

“இன்னா பாய் இது? சொன்னதையே எத்தினி வாட்டி சொல்றது? அங்க சாமைக் கொல்லைய குருவி தின்னுட்டு போவுது!”

மொழிபெயர்க்க வந்த மஜீத், வாணியம்பாடியில் தோல் வியாபாரிக்கு இங்கிலீஷ் கடிதம் எழுதுகிறவர். “கோச்சிக்காதீங்கம்மா. ரெண்டு பேரும் வேற வேற நாட்டுப் பத்திரிகை. ஒருத்தர் கேட்டத இன்னொருத்தர் சரி பார்க்கணுமாம்.”

“பொறுமையா பார்க்கட்டும். ஜெயில்ல இருக்கிறது அவங்க வூட்டு ஆளா?”

இத்தனைக்கும் அவர்கள் வந்ததே ஒரு போட்டோவால்தான். ஐரோப்பாவில் ஏதோ துறைமுகக் கிடங்கில் எடுத்த படம். அடுக்கி வைத்த சந்தனக் கட்டைகள். ஒரு கட்டையின் முனையில் சாய்வாக இரண்டு வெட்டு, அவற்றின் குறுக்கே ஒன்று. அந்த மரம் எந்த மலையில் வெட்டியது, யார் கை மாறிப் போனது என்று நாடு நாடாக விசாரித்துக்கொண்டு ஜமுனாமரத்தூர் வரை வந்துவிட்டார்கள்.

மலையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வெட்டு உண்டு. புளியோ பலாவோ, அடிமரத்தில் அந்த வெட்டு விழுந்துவிட்டால் அடுத்தவன் கை வைக்க மாட்டான். கெங்கம்மாளின் புருஷன் ராஜவேலு இருக்கிறானே, புத்தி கெட்ட மனுஷன், கீழே இருந்து வந்த முதலாளிக்குக் கூலிக்கு வெட்டிய திருட்டுச் சந்தனத்திலும் பழக்க தோஷத்தில் தன் வீட்டு வெட்டையே, படத்தில் இருந்த அதே வெட்டை, போட்டு வைத்தான். திருடப் போன இடத்தில் பெயரை எழுதி வைத்துவிட்டு வருகிற ஆளை என்னவென்று சொல்ல! முதல் லோடிலேயே மாட்டிக்கொண்டான். முதலாளி தப்பித்துவிட்டான். அதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

ஆனால் பிடிபட்ட அந்தக் கட்டைகள் வனத்துறையின் பூட்டிய கிடங்கில் பத்திரமாக இருப்பதாகத்தான் கோர்ட்டில் சொல்லியிருந்தார்கள். ராஜவேலுவின் அப்பீலைப் பார்க்கும் போளூர் வக்கீல் விஷயத்தைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பிடிச்ச மரத்தையே எவனோ கடல் தாண்டி வித்துட்டான்னா அவர் மேல போட்ட கேஸ் அப்பீல்ல நிக்காதும்மா. அந்தப் படம் வரட்டும், பாத்துக்கலாம்.”

படத்தை வெள்ளைக்காரர்கள் திரும்ப எடுத்துப் போய்விட்டார்கள். அச்சில் வரும், இரண்டு நாட்டிலும் ஒரே நாளில் வரும் என்றார்கள். அதற்காகத்தான் அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள். புளி உலுக்கும் காலம் வந்து போனது. போளூருக்கும் மலைக்கும் பஸ் ஏறி இறங்கியே இடுப்பு விட்டுப்போனது. ஒருவழியாக மஜீத் பத்திரிகைகளோடு வந்தார்.

கெங்கம்மாள் அவசரமாகப் பிரித்தாள். முதலாளியின் பங்களா பளிச்சென்று இருந்தது. கட்டைகளின் படமும் இருந்தது. வெட்டு இருந்த இடத்தில் மட்டும் கறுப்பாக ஒரு கட்டம்.

“இன்னா இது, மை கொட்டிக்கிச்சா?”

மஜீத் தயங்கினார். “இல்லம்மா, அவங்களே மறைச்சிட்டாங்க. உங்க பேரையும் மாத்திட்டாங்க. தகவல் சொன்னவங்களுக்கு ஆபத்து வரக்கூடாதுன்னு அவங்க தொழில்ல ஒரு வழக்கம்.”

“ஆபத்தா?” அவள் பத்திரிகையைக் கீழே போட்டாள். “ஆபத்து வந்து மூணு வருசமாச்சே பாய்! இனிமே வர்றதுக்கு இன்னா இருக்குது? ஊர் உலகத்தயெல்லாம் கேள்வி கேட்டாங்களே, பேர் போடட்டுமான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா?”



அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள். ராஜவேலுவின் கோடாலியை எடுத்து வந்து, வாசலில் கிடந்த பலாக்கட்டை ஒன்றைக் காலால் அழுத்திக்கொண்டு, சாய்வாக இரண்டு வெட்டு வெட்டினாள். மூன்றாவதைக் குறுக்கே போட்டாள். கட்டையைக் கொண்டுவந்து மஜீத்தின் மடியில் வைத்தாள்.

“மறைக்காத படம் வேணும்னு எழுதுங்க. என் பேரு கெங்கம்மா, ராஜவேலு பொண்டாட்டி, ஊரு இதுன்னு எழுதுங்க. கூடவே இந்தக் கட்டையையும் அனுப்புங்க. இதுக்கு எவன் மை தடவுறான்னு நான் பாக்கறேன்.”