ஒருமைச் சங்கத்தின் காரியதரிசி

எங்கள் தெருக் கோயிலுக்கு இந்த வாரம் வெள்ளையடிக்கிறார்கள். எல்லாச் சபையாரும் ஒன்றாகக் கூடி ஆராதிக்கப் போகிறார்களாம். நல்லது. எனக்கென்னவோ ஈரச் சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியதும் ஆராதனை நினைவுக்கு வரவில்லை; பேதிதான் வந்தது. ஊர் முழுக்க வாந்திபேதி பரவிய அந்த வருஷம் தெருவெல்லாம் சுண்ணாம்பைத் தூவி வைத்திருந்தோம்.

அப்போது பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, தாமிரபரணிக் கரையில் ஓர் ஊரில் எனக்கு வாத்தியார் வேலை. வயது இருபத்திரண்டு, புத்தி அதைவிடக் குறைவு. ஊரில் இரண்டு சபை. குழந்தையின் நெற்றியில் தண்ணீர் தெளிப்பவர்கள் ஒன்று, வளர்ந்தவர்களை முழுக்கி எடுப்பவர்கள் மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே ஆற்றுத் தண்ணீர்தான். ஆனாலும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் மற்றவர் கை நனைப்பதில்லை. இதைச் சரிசெய்ய ஒருமைச் சங்கம் தொடங்கினார்கள். தெளிப்புச் சபை உபதேசியார் தலைவர், முழுக்குச் சபை மூப்பர் உபதலைவர். கையெழுத்து அழகாக இருந்த ஒரே தகுதியால் நான் காரியதரிசி. ஆறு மாதம் கூடினோம். தொடக்க ஜெபத்தை முழங்காலிட்டுச் செய்வதா, நின்றபடி செய்வதா என்பதுகூட முடிவாகவில்லை.

பேதி வந்தபோது அவசரக் கூட்டம் போட்டோம். அதிலும் அதே முழங்கால்தான். ஜன்னலுக்கு வெளியே மருத்துவச்சி ரெபேக்காளும் அவள் பக்கத்து வீட்டுத் தங்கமும் கஞ்சிக் கலயத்தோடு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ரெபேக்காள் தெளிப்பு, தங்கம் முழுக்கு. இருவரும் ஒத்துப்போனார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். போகிற வழியெல்லாம் ஞானஸ்நானச் சண்டை.

"ஏட்டி, ஒன் முழுக்கு ஒனக்கு, எந் தெளிப்பு எனக்கு. மொதல்ல கலயத்தப் பிடி" என்பாள் ரெபேக்காள். தங்கம் பிடிப்பாள், பிடித்துக்கொண்டே அடுத்த வசனத்தை எடுத்துவிடுவாள்.

எட்டாம் நாள் தங்கத்துக்கே பேதி கண்டது. சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. மூப்பரோ மேற்கே மகள் ஊருக்கு 'ஊழியத்துக்கு'ப் போய் ஒரு வாரமாகியிருந்தது. அவர் சபைக்குக் கல்லறைத் தோட்டமும் கிடையாது. எங்கள் தெளிப்புச் சபைத் தோட்டத்தில் இடம் கேட்டு மறுநாள் காலை ரெபேக்காள் வந்தாள். உபதேசியார் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. குழந்தையில் எங்கள் சபையில் தெளிப்புப் பெற்றும், பிறகு அங்கே போய் முழுகி முதல் ஞானஸ்நானத்தை அவமதித்தவளுக்கு இடமில்லை என்று என்னைக் கடிதம் எழுதச் சொன்னார். எழுதினேன். ஒரு சுழி பிசகாமல் எழுதி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவள் நிதானமாக வாசித்தாள்.

"இத நீரா எழுதினீரு?"

ஆமாம் என்றேன்.

"செரி. தங்கத்தத் தூக்க ஆள் பத்தல. வாரும்."

சங்கம் இன்னும் ஒன்றும் தீர்மானிக்கவில்லையே என்றேன். அதற்குள் அவள் திரும்பி நடந்துவிட்டாள். தங்கத்தின் புருஷனும் ரெபேக்காளுமாகத் தூக்கிப்போய், ரெபேக்காளுக்கு வாய்க்காலோரம் இருந்த பனைவிளையில் குழி வெட்டி அடக்கம் செய்தார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு மூப்பர் கொழுகொழுவென்று திரும்பி வந்திருந்தார். இரங்கல் தீர்மானம் வந்தது. தங்கத்தைச் 'சகோதரி' என்று எழுதலாமா கூடாதா என்று இரண்டு மணி நேரம் வாதாடிவிட்டுத் தீர்மானத்தையே கைவிட்டார்கள். அதையும் ஒழுங்காகக் குறித்து வைத்தேன்.

நாலைந்து வருஷத்தில் ரெபேக்காளும் போனாள். கோயில் கல்லறைத் தோட்டத்தில் அவளுக்கு உரிமை இருந்தது. வேண்டாம், தங்கம் பக்கத்தில் போடுங்கள் என்று சொல்லியிருந்தாளாம். உபதேசியாருக்கு மனவருத்தம், பாவம்.

சங்கம் எப்போது கலைந்தது என்று காரியதரிசிக்கே தெரியாது. போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். பனைவிளை இல்லை. வாய்க்காலை அகலப்படுத்த மரங்களை வெட்டிச் சாய்த்து, மண்ணை வாரிப் போட்டிருக்கிறார்கள். அங்கே இரண்டு பெண்கள் கிடந்தார்கள் என்று சொல்ல என்னைத் தவிர ஆளில்லை. நானும் வேலையாட்களிடம் சொல்லவில்லை; வெயிலாக இருந்தது, திரும்பி வந்துவிட்டேன்.