மிரியம் ரீச்சர் இட்ட கட்டளை

மானிப்பாயில் மிரியம் ரீச்சரிடம் இங்கிலீஷ் படித்தவர்களில் நானும் ஒருத்தி. ‘கொமாண்ட்’ என்ற ஒரு சொல்லுக்கே பாடநேரம் முழுவதையும் எடுப்பார். தளபதி படைக்கு இடுவதும் கொமாண்ட், ஒருவருக்குக் கேளாமலே மரியாதை கிடைப்பதும் கொமாண்ட், ஒரு மொழி கைவசமாவதும் கொமாண்ட். ரீச்சருக்கு இங்கிலீஷில் நல்ல கொமாண்ட் என்று ஊரே சொல்லும். வீட்டில் கட்டளை எல்லாம் அவருடைய கணவர் நதானியேல் மாஸ்டருடையது. தேத்தண்ணி, பேப்பர், செருப்பு என்று ஒற்றைச் சொல்லில் கேட்பார். ரீச்சர் பேசாமல் கொண்டுவந்து வைப்பார். பக்கத்து வீட்டிலிருந்து பார்த்திருக்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் ஊரில் பிள்ளைகளோடு தமிழ், நாயோடு இங்கிலீஷ். ஏனென்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மாஸ்டரின் நாய் சீசரும் ‘கம்’, ‘சிட்’ என்றால்தான் அசையும். கள்ளர் இறைச்சியில் நஞ்சு வைத்து நாய்களைக் கொன்றுவிடுவார்கள் என்ற பயத்தில், தான் ‘ஈட்’ என்று சொல்லாமல் சீசர் எதிலும் வாய் வைக்காதபடி பழக்கியிருந்தார். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தார்.

போன மாதம் மாஸ்டர் காலமானார். லண்டனிலிருந்து வந்த மகள் அடக்கம் முடிந்த கையோடு திரும்பிவிட்டாள். பிறகு ஒரு வாரமாகச் சீசர் சாப்பிடவில்லை. ரீச்சர் மீன்தலை அவித்து வைத்தார், கெஞ்சினார், ‘ஈட்’ என்றும் மெல்லச் சொல்லிப் பார்த்தார். அது வாசல் படலையைப் பார்த்தபடி படுத்தே கிடந்தது. விலா எலும்பு தெரியத் தொடங்கிவிட்டது.

“உதுவும் போனால் நான் ஆரோடை கதைக்கிறது?” என்று ரீச்சர் என்னைக் கேட்டார்.

கெஞ்சாமல், மாஸ்டர் மாதிரி அதட்டிச் சொல்லச் சொன்னேன். வகுப்பில்கூட யாரையும் அதட்டாதவர் அவர். ஆனாலும் எழுந்து நின்று, மாஸ்டரின் அதே குரலில் “ஈட்” என்றார். நானே திடுக்கிட்டுப் போனேன்.

சீசர் துள்ளி எழுந்தது. சோற்றுப் பக்கம் வரவில்லை. நேரே மாஸ்டரின் அறைக்குள் ஓடி, கட்டிலைச் சுற்றிச் சுற்றி மணந்து பார்த்தது.

ரீச்சர் பின்னால் போய் நிலத்தில் அமர்ந்து அதன் தலையைப் பிடித்துக்கொண்டார். “அவர் இல்லையடா. நான்தான் இருக்கிறன்” என்றவர், கையில் சோற்றை எடுத்து நீட்டி, தன் குரலிலேயே உறுதியாக “ஈட்” என்றார். சீசர் அவர் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சாப்பிட்டது.

அவர் கையும் மெலிந்திருந்ததை அப்போதுதான் கண்டேன். நீங்களும் சாப்பிடுங்கோ ரீச்சர் என்றேன்.

“அவர் ‘வா, சாப்பிடு’ எண்டு கூப்பிடாமல் நான் ஒருநாளும் இருந்து சாப்பிட்டதில்லை, பிள்ளை.”