சித்தப்பா இங்கிலீஷில் சொன்ன சம்மதம்

கூடத்துப் பாயில் தாம்பாளங்கள் வரிசையாக இருந்தன. சேலை, மல்லிகைப் பந்து, பழம், கல்கண்டு, நடுவில் அண்ணன் வாங்கி வந்த பெரிய கேக். யாரும் எதையும் தொடவில்லை. என் நிச்சயதார்த்தத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது மோதிரமும் இல்லை, மாப்பிள்ளை முகமும் இல்லை. யாரும் தொடாமல் கிடந்த அந்தத் தட்டுகள்தான். மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். எல்லாரும் என் சித்தப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓயாமல் பேசுகிற அந்த மனிதர் அன்றைக்கென்று பார்த்து வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. காரைக்குடியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். கோட்டையூரிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வந்து போவார். பேராசிரியர்கள் வராந்தாவில் பேசுகிற இங்கிலீஷ் அவருக்கு உயிர். முழு வாக்கியங்கள் பிடிபடாது. ஆனால் அவர்கள் நடுவே எடுத்துவிடும் மரபுத்தொடர்களை அப்படியே பிடித்து வைத்துக்கொள்வார். அர்த்தம் யாரிடமும் கேட்கமாட்டார். சொன்னவர் முகத்தையும் குரலையும் வைத்து அவரே ஓர் அர்த்தம் கட்டிவிடுவார், அதற்கப்புறம் அதை யாராலும் அசைக்க முடியாது.

எப்போதோ அபூர்வமாக நடப்பதைத்தான் 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்பார்கள். சித்தப்பாவின் கணக்கு வேறு. நிலா மாதம் தவறாமல் வருகிறதே. "பிரஷர் மாத்திரையா? ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன் டாண்ணு வாங்கிருவேன்" என்று டாக்டரிடமே சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். இயற்பியல் துறைத் தலைவர் ஓய்வு பெற்ற நாளில், மாலை போட்டுவிட்டு மைக்கைப் பிடித்து, சார் இனிமேல் நிம்மதியாக 'கிக் த பக்கெட்' செய்யலாம் என்று வாழ்த்தினார். வாளியை எட்டி உதைப்பது என்றால் வேலைச் சுமையை உதறுவது என்று அவர் நினைப்பு. மண்டையைப் போடுவதற்கு இங்கிலீஷ்காரன் சொல்கிற வார்த்தை அது. துறைத் தலைவர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டாராம்.

எனக்கு இதெல்லாம் கொண்டாட்டம். அண்ணனுக்கு மானப் பிரச்சினை. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், நண்பர்களை வீட்டுக்குக் கூட்டி வரவே பயப்படுவான்.

அப்பா இறந்து ஒரு வருஷம்கூட நிறையாத நேரத்தில்தான் என் நிச்சயம் வந்தது. எங்கள் சொந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி முடித்ததும், தட்டு மாற்றுவதற்கு முன்னால், பெண்ணின் அப்பா எழுந்து சபைக்குக் கேட்கும்படி நாலு வார்த்தை பேச வேண்டும். வெறும் தலையாட்டல் செல்லாது. பேசாமல் இருந்தால் மனசில்லை என்று அர்த்தம். யாரோ ஒருவர் முறுக்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டதால் கலைந்துபோன கல்யாணத்தை இன்றும் எங்கள் பக்கம் கதையாகச் சொல்வார்கள். அப்பாவின் இடத்தில் சித்தப்பாதான் நின்று பேச வேண்டும்.

அண்ணன் காலையிலேயே அவரைத் தனியாக அழைத்தான். "சித்தப்பா, மாப்பிள்ளையோட அப்பா இங்கிலீஷ் வாத்தியாரா இருந்தவுக. ஒங்க இங்கிலீஷ் மட்டும் வேண்டாம். தமிழ்ல நாலு வார்த்தை சொல்லிருங்க, போதும்" என்றான். சித்தப்பா, "சரிப்பா" என்றார்.

நேரம் வந்தது. சித்தப்பா எழுந்தார். வாயைத் திறந்தார், மூடினார். தரையைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சம்பந்தி, நீங்க சொன்னாத்தான நாங்க தட்டை எடுக்க முடியும்?" என்று மாப்பிள்ளையின் அப்பா சிரித்தபடி கேட்டார். அவருடைய தங்கை, மாப்பிள்ளைக்கு அத்தை, சும்மா இருக்கவில்லை. "பொண்ணு வீட்டுல மனசில்லாமத்தான் உக்காந்திருக்காக போல. நாம எதுக்கு இங்குட்டு காத்துக் கெடக்கணும்? கெளம்புங்க" என்று பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

நான் அறைக் கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது. அதை அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. அண்ணன் சொன்னதில் சித்தப்பாவுக்குக் கோபம் என்றுதான் நானும் நினைத்தேன். கூப்பிடும்வரை பெண் சபைக்கு வரக்கூடாது. அன்றைக்கு அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? நேரே கூடத்துக்குப் போய், "சித்தப்பா, ஒங்க இங்கிலீஷ்லயே சொல்லுங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். வேட்டியைச் சரி செய்துகொண்டு எழுந்தார். கல்லூரி மேடையில் நிற்பதுபோல் நின்றார்.

"மை டாட்டர்" என்றார். "ஒன்லி டாட்டர். திஸ் மேரேஜ்..." மூச்சை இழுத்துக்கொண்டு பக்கத்திலிருந்த மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "ஓவர் மை டெட் பாடி!"

அவர் கல்லூரி முதல்வர் ஒருமுறை அப்படித்தான் மேசையைத் தட்டிச் சொன்னாராம். அந்த உறுதியைப் பார்த்து, உயிர் போனாலும் நிறைவேற்றுவேன் என்கிற சபதம் என்று சித்தப்பா எடுத்துக்கொண்டார். என் பிணத்தைத் தாண்டித்தான் இது நடக்கும், அதாவது நடக்கவே விடமாட்டேன் என்பதுதான் அதற்கு உண்மையான அர்த்தம். அண்ணன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அத்தை தன் அண்ணனிடம், "என்னண்ணே சொல்றாக?" என்று கேட்டார்.

ஓய்வு பெற்ற அந்த இங்கிலீஷ் வாத்தியார் சித்தப்பாவைப் பார்த்தார். மேசையைத் தட்டிய கையைச் சித்தப்பா இன்னும் எடுக்காமல் ஊன்றி நிற்பதையும் பார்த்தார்.

"உசிரைக் குடுத்தாவது நடத்தி வைப்பேங்கிறாக. இதுக்கு மேல என்ன வேணும்? தட்டை எடுங்க" என்றார்.

அந்த மாமனார் எனக்குக் கிடைத்தது நான் செய்த புண்ணியம். எங்கள் வீட்டில் அந்தத் தொடருக்கு இப்போது சித்தப்பாவின் அர்த்தம்தான். என் மகள் ஐஸ்கிரீம் கேட்டால் மாமனார், "ஓவர் மை டெட் பாடி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்புவார். அவளும் துள்ளிக் குதித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவாள்.

போன மாதம் கோட்டையூர் போயிருந்தேன். சித்தப்பாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், பேச்சு மட்டும் குறையவில்லை. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன். "அண்ணன் சொன்ன மாதிரி அன்னைக்குத் தமிழ்லயே சொல்லியிருக்கலாமே சித்தப்பா? அவன் மேல கோவமா?"

"அவன் மேல எனக்கென்ன கோவம்?" என்றார். கையைத் துடைத்தார். துடைத்த கையை மறுபடியும் துடைத்தார்.

"ஒங்க அப்பா நின்னு பேச வேண்டிய எடம் தாயி அது. தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் சபையில ஒடஞ்சு அழுதிருப்பேன். இங்கிலீஷ்ல எனக்கு அழத் தெரியாதுல்ல."