எட்டு பாயிண்ட், ஒரு மாமியார்

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்குள் நுழையும் கிருமிகள் எல்லாம், அமலராணி அக்கா வீட்டில் இருக்கிறாரா என்று முதலில் விசாரித்துக்கொள்ளும். இருக்கிறார் என்று தெரிந்தால் அப்படியே கோவிலம்பாக்கம் பக்கம் வண்டியைத் திருப்பிவிடும். கொசுக்கள் அவர் வாசலைக் கடக்கும்போது சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் மூலமும் அவசரக் கூட்டம் போட்டு, ‘அந்தம்மா நர்ஸ் ஆகிவிட்டால் தென்சென்னையில் நமக்குப் பிழைப்பு இல்லை’ என்று தீர்மானம் நிறைவேற்றியிருப்பதாகவும் கேள்வி.

கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். நம் தெரு நலச் சங்க மலரில் போன வருஷம் சங்கத் தலைவரைப் பற்றி வந்த கட்டுரை இதைவிடக் கூட்டிச் சொன்னது. அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தலைவர் பத்ரிநாராயணன் சார்தான் இந்த முறை என்னைக் கூப்பிட்டு, “அமலராணியைப் பத்தி நீ எழுது. ஆனா எழுதினதை அவகிட்ட காட்டிட்டு எனக்குக் குடு” என்றார். நான் பக்கத்து வீட்டு மெர்வின். பிளஸ் ஒன் பாதியில் நானும் பள்ளிக்கூடமும் பேசிவைத்துப் பிரிந்துவிட்டோம். பிழை இருந்தால் பள்ளிக்கூடத்தைத் திட்டவும்.

அக்காவுக்கு வயது முப்பத்து மூன்று. கணவர் ரத்தினம் அண்ணன் கம்பெனி வேன் ஓட்டுகிறார். விடியும் முன்னே கிளம்பிவிடுவார். ஒரே மகள் ஜெரூஷா நான்காவது படிக்கிறாள். அக்கா ஒரு சின்ன நர்சிங் ஹோமில் எட்டு வருஷம் வார்டு ஆயாவாக இருந்தார். பெட்பேன் எடுப்பது, படுக்கை விரிப்பை மாற்றுவது, எழ முடியாதவர்களுக்குக் கஞ்சி ஊட்டுவது. ஊட்டும்போது யார் எத்தனை வாய் வாங்கினார்கள், யார் எதைத் துப்பினார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒருநாள் ஒரு பாட்டி மூன்று வேளையாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று சொல்லப் போனவரிடம், “நீ பெட்பேன் பாரு, நாங்க பேஷண்ட்டைப் பார்க்கிறோம்” என்றாராம் அங்கே இருந்த நர்ஸ். அந்த வருஷமே அக்கா வேலையை விட்டுவிட்டு நர்சிங் டிப்ளமோவில் சேர்ந்தார். பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில், கடைசி பெஞ்சில்.

இதெல்லாம் எனக்குத் தெரியாத காலத்தில்தான் நான் அந்தப் பலகையை மாட்டினேன்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி. ‘டாக்டர் அமலராணி. சகல நோய்களுக்கும் இலவச ஆலோசனை. காலை 6 முதல்.’ அட்டையில் சிவப்பு மை. விடியற்காலையில் அவர் வீட்டுக் கேட்டில் கட்டிவிட்டு, மாடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். ஏழு மணிக்குள் நான்கு பேர் வந்துவிட்டார்கள். அக்கா கதவைத் திறந்தார், பலகையைப் படித்தார், வந்தவர்களைப் பார்த்தார். துரத்துவார் என்று நினைத்தேன். அவரோ நாலு நாற்காலியை எடுத்துவந்து போட்டார்.

“நான் டாக்டர் இல்லம்மா, படிச்சிக்கினு கீறேன். வந்தது வந்துட்டீங்க, உக்காருங்க, இன்னா பண்ணுதுன்னு சொல்லுங்க. எங்க போய் காட்டணும்னு சொல்றேன்.”

அதில் முனையில் பூ விற்கும் கிளியம்மாள் ஒருவர். காலில் ஒரு மாதமாக ஆறாத புண். செருப்பு கடித்தது என்று மஞ்சள் வைத்துக் கட்டியிருந்தார். அக்கா கட்டைப் பிரித்துப் பார்த்தார். ராத்திரி எத்தனை முறை எழுந்து போகிறீர்கள், தாகம் எடுக்கிறதா, கால் மரத்துப் போகிறதா என்று கேட்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, கையோடு அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார். சர்க்கரை முந்நூற்று எண்பது. இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் விரலை எடுத்திருப்பார்கள் என்றார்களாம். இன்று கிளியம்மாள் பத்து விரலோடு அதே முனையில் உட்கார்ந்து மல்லி கட்டுகிறார். வேண்டுமானால் போய் எண்ணிப் பாருங்கள்.

அன்று சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“பலகை வெச்சது நீதானே?”

“நான் இல்லக்கா. ஏன் என்னைக் கேக்குறீங்க?”

“தெருவுல வேற யாருக்கும் வேலை இல்லாம இல்லையே.”

திட்டவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். “டாக்டர் ஆக்கிட்டே. நான் நர்ஸே ஆவலடா. போன வாரந்தான் ரிசல்ட்டு வந்துச்சி. ஒரு பேப்பர் போச்சி. அம்பது வேணும், முப்பத்தெட்டு.”

போனது சத்துணவும் நோயும் சுகாதாரமும் சேர்ந்து வரும் தாள். எட்டு வருஷம் கஞ்சி ஊட்டியவருக்கு அதிலா போயிற்று? எனக்கே தாங்கவில்லை. எப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். கேள்வி இது: ‘ரத்தசோகை உள்ள கர்ப்பிணிக்கு ஒரு நாள் உணவுத் திட்டம் தயாரிக்கவும். எட்டு மதிப்பெண்.’ அக்கா எழுதிய பதிலை அப்படியே ஒப்பித்தார்.

‘முதலில் அந்தப் பெண் வீட்டில் எத்தனையாவது ஆளாகச் சாப்பிடுகிறாள் என்று கேட்க வேண்டும். எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுகிறாள் என்றால் திட்டம் போட்டுப் பயனில்லை. அவள் மாமியாரிடம் பேச வேண்டும். மாமியாருக்கும் ரத்தம் குறைவாக இருக்கலாம், கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு பேருக்கும் சேர்த்து முருங்கைக்கீரை பொரிக்கச் சொல்ல வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடக் கூடாது, எலுமிச்சம்பழத் தண்ணீரோடு போடலாம். மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவாள்.’

இப்படியே இரண்டு பக்கம். எத்தனை கலோரி, எத்தனை கிராம் புரதம், காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்ட அட்டவணை எதுவும் இல்லை. எல்லாக் கேள்விக்கும் இதே கதைதான். வயிற்றுப்போக்கு என்று கேட்டால், அந்த வீட்டில் தண்ணீர் எந்தக் குடத்தில் இருக்கிறது, குவளையை உள்ளே விட்டு எடுக்கிறார்களா என்று ஆரம்பித்துவிடுவார். அவர்களுடைய ஆசிரியை லோகநாயகி மேடம் விடைகளைக் கேட்டுவிட்டு ஒரே வரியில் சொன்னாராம்: “அமலராணி, எட்டு மார்க்குக்கு எட்டு பாயிண்ட் எழுதணும். மாமியாருக்கு மார்க் கிடையாது.”

அக்டோபரில் மறுதேர்வு. அதிலும் போனால் இரண்டாம் ஆண்டுக்குப் போக முடியாது. ரத்தினம் அண்ணனின் ஒற்றைச் சம்பளத்தில் இன்னொரு வருஷம் ஓட்டவும் முடியாது. பழைய நர்சிங் ஹோமில் ஆயா வேலை காலியாகத்தான் இருக்கிறது என்று ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார்களாம்.

“பலகை வெச்சியே, அதுக்குத் தண்டனை,” என்று ஸ்பைரல் போட்ட தடிப் புத்தகம் ஒன்றை என் மடியில் போட்டார். முந்நூற்றுப் பதினான்கு கேள்விகள். “தெனம் சாயங்காலம் கேள்வி கேளு. நான் சமைச்சிக்கினே பதில் சொல்றேன். எட்டு பாயிண்ட்டைத் தாண்டி பேசினா நிறுத்து.”

நிறுத்துவதற்கு ஒரு தட்டும் கரண்டியும் கொடுத்தார். பதிலில் மாமியார் வந்தால் ஒரு அடி. பக்கத்து வீட்டுக்காரர் வந்தால் ஒரு அடி. முதல் வாரம் எங்கள் வீட்டிலிருந்து தினமும் யாராவது எட்டிப் பார்த்து, யாருக்குச் சாமி வந்திருக்கிறது என்று கேட்டார்கள்.

“புரதக் குறைபாட்டின் அறிகுறிகள்?”

“கால் வீங்கும், முடி செம்பட்டையாவும், வயிறு உப்பும், தோலு உரியும், கொழந்த சிடுசிடுன்னு இருக்கும். அந்தக் கொழந்தைக்கு அடுத்ததா இன்னொண்ணு பொறந்திருக்கான்னு கேக்கணும். ஏன்னா தாய்ப்பாலு...”

டங்.

“டேய், இது நெஜமாவே முக்கியம்டா!”

“பாயிண்ட் அஞ்சுதான் ஆச்சு. இன்னும் மூணு. குழந்தையோட தம்பியை அப்புறம் பாத்துக்கலாம்.”

எனக்குச் சலிப்புத் தட்டிய நாட்களில் நானே கேள்வி தயாரித்தேன். “கேள்வி எண் இருநூற்றுப் பதினேழு. பரோட்டா குறைபாட்டு நோயின் அறிகுறிகள் யாவை?”

வெங்காயம் நறுக்கும் கை நிற்கவில்லை. “சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எரிச்சல். தெருமுனையையே பாக்கறது. பொய்க் கேள்வி கேக்கறது. அடுத்த கேள்வி.”

ஆகஸ்ட் வாக்கில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். முதலில் எட்டு பாயிண்டையும் கட்டம் போட்டு, எண் போட்டு, மளமளவென்று சொல்லிவிடுவார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, ஒன்பதாவதாக ஒன்று. “எட்டு, திருத்தறவங்களுக்கு. ஒம்போதாவது, படுத்துக்கினு கீறவங்களுக்கு. அதை நான் வுட மாட்டேன். மார்க் குடுக்காட்டி போவட்டும்.” அந்த ஒன்பதாவதில் மாமியார் வந்தார், குடம் வந்தது, குழந்தையின் தம்பி வந்தான். நான் கரண்டியைத் தட்டவில்லை. அதற்குள் எனக்கும் ஒன்பதாவது பாயிண்டுக்காகவே கேள்வி கேட்கும் பழக்கம் வந்துவிட்டது.

தேர்வு பொத்தேரியில், காலை பத்து மணிக்கு. எட்டரை மணிக்கே கிளம்பினால் தாம்பரத்தில் டிரெயின் பிடித்து நிதானமாகப் போகலாம். வழியனுப்ப நானும் கூட வந்தேன். பத்ரிநாராயணன் சார் வீட்டைத் தாண்டும்போது அக்கா நின்றுவிட்டார். சார் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சட்டை முழுக்க வியர்வை. கையில் இருந்த பேப்பர் நடுங்கிக்கொண்டிருந்தது.

“சார், என் பேர் இன்னா?”

சார் யோசித்தார். யோசிக்க வேண்டிய கேள்வியா அது? அக்கா பையை என் கையில் திணித்துவிட்டு அவரைத் தாங்கிப் பிடித்து, வராந்தா நாற்காலியில் உட்கார வைத்தார். உள்ளேயிருந்து அபிதகுஜாம்பாள் மாமி ஓடிவந்தார்.

“மாமி, சார் சர்க்கரை மாத்திரை போட்டாரா?”

“ஆறு மணிக்கே போட்டுண்டாரே.”

“சாப்டாரா?”

“இன்னிக்கு ஏகாதசி...”

“ஒரு டம்ளர் தண்ணில நாலு ஸ்பூன் சர்க்கரை. சீக்கிரம். அந்த டெஸ்ட் மிஷினையும் எடுத்தாங்க.”

மிஷின் நாற்பத்தெட்டு என்றது. டம்ளரை வாயருகே கொண்டுபோனால் சார் தலையை ஆட்டுகிறார். “விரதம்... பெருமாள்...” என்று குழறினார்.

“பெருமாள்கிட்ட நான் பேசிக்கிறேன் சார். நீங்க முழுங்குங்க.”

அக்கா ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். பெருமாளிடம் அவருக்கு என்ன செல்வாக்கு என்று தெரியாது; சார் முழுங்கிவிட்டார். முகம் கொஞ்சம் தெளிந்தது. நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “அக்கா, போலாம், டிரெயின்” என்றேன்.

“பதினஞ்சு நிமிஷம் கழிச்சி இன்னொரு தபா பாக்கணும்.”

“மாமி பாத்துக்குவாங்க! இந்த முறையும் போச்சுன்னா...”

“தெரியும்டா.” அவ்வளவுதான் சொன்னார். வாட்ச்சைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சாரின் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பதினைந்து நிமிஷம் கழித்து எண்பத்தொன்று. அதற்கும் பிறகு மாமி இரண்டு இட்லி கொண்டுவந்து, சார் அதைச் சாப்பிட்டு முடிக்கும்வரை நகரவில்லை. சார் கடைசியில், “நீ அமலராணி” என்றார். “ஆமா சார், அதேதான்,” என்று சொல்லி எழுந்தார். (சார் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். “தாராளமா போடு. மாத்திரை போட்டுண்டு விரதம் இருக்கறவா நாலு பேர் படிக்கட்டும்” என்றார்.)

தாம்பரம் ஸ்டேஷனில் படியேறி ஓடி, ஒன்பதே முக்கால் வண்டியில் அக்காவை ஏற்றிவிட்டேன். என் கடமை முடிந்தது. நேராக வீட்டுக்கு வந்து போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டேன்.

அக்கா ஹாலுக்குள் போனபோது மணி பத்து இருபது. அரை மணி வரை விடுவார்கள் என்பதால் விட்டார்கள். போன நிமிஷங்களைத் திருப்பித் தரமாட்டார்களே. ஒரு எட்டு மார்க் கேள்வியைத் தொடவே முடியவில்லை. ஒரு மணிக்கு எல்லோரோடும் வெளியே வந்தவர், தோழிகளிடம் நன்றாக எழுதினேன் என்று சிரித்துச் சொன்னார். அவர்கள் பஸ்ஸுக்குப் போன பிறகு சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் குழாயடிக்குத் தனியாகப் போனார். தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதார். முகத்தை மூன்று முறை கழுவினார். துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதவர் போல நிமிர்ந்து ஸ்டேஷனுக்கு நடந்தார். நான் பார்த்த மனிதர்களிலேயே நேராக நடக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

ரிசல்ட் டிசம்பரில் வந்தது. ஐம்பத்து நான்கு. ரத்தினம் அண்ணன் வேனைத் தெரு நடுவில் நிறுத்தி ஹார்னை விடாமல் அடித்தார். ஜெரூஷா தட்டையும் கரண்டியையும் தூக்கிக்கொண்டு தெருக்கோடி வரை ஓடினாள். அக்கா இப்போது இரண்டாம் ஆண்டு.

மேலே உள்ளதைச் சார் சொன்னபடி நேற்று அக்காவிடம் கொடுத்தேன். குழம்பைக் கிளறிக்கொண்டே படித்தார். கிருமி வண்டியைத் திருப்பிய இடத்தில் சிரித்தார். கிளியம்மாள் இடத்தில், “முந்நூத்தி எண்பது இல்ல, முந்நூத்தி எழுபத்தாறு” என்றார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் கரண்டி நின்றது. அடுப்பைக் குறைத்துவிட்டு அந்தப் பக்கத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு, நோயாளியிடம் கேட்கும் அதே குரலில் கேட்டார்.

“தாம்பரத்துல என்னை ஏத்திவுட்டுட்டு நீ இன்னா பண்ணே?”

“வீட்டுக்கு வந்து தூங்கிட்டேன். அதான் எழுதியிருக்கேனே.”

“சரி. நான் அழுதது அவருக்குக்கூடத் தெரியாது. ஜெரூஷாவுக்குத் தெரியாது. ஷெட்டுக்குப் பின்னாடி கொழா கீதுன்னு அங்க படிக்கிற புள்ளைங்களுக்கே தெரியாது.” பேப்பரை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “மூணு தபா மூஞ்சி கழுவினேன்னு எண்ணினவன் யாருடா? வெயில்ல மூணு மணி நேரம் நின்னியே, ஏதாவது சாப்ட்டியா இல்லியா?”