கவரில் போட்ட போல்ட்டுகள்

எங்கள் அம்பாசிடரின் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் வீட்டிலேயே இறக்கலாம் என்று சொன்னது நான்தான். ஊரில் இன்றும் அப்பாவைத்தான் குறை சொல்கிறார்கள் என்பதால் இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

மாநில எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. இருவருக்கும் எழுத்துத் தெரியாது. நான் ஒரே பெண். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள், ஆட்டோமொபைலில் டிப்ளமோ வாங்கியவள். வகுப்பில் மூன்று பெண்கள் இருந்தோம். நகத்தில் கிரீஸ் ஏறியது எனக்கு மட்டும்தான். அந்தத் தலைக்கனம் எனக்கு உண்டு. இப்போதும் முழுதாகப் போய்விடவில்லை.

அப்பாவின் பிழைப்பு அந்தக் கார். கல்யாணம், ஆஸ்பத்திரி என்று எப்போதாவது வாடகை வரும். நம்பி இருக்கக்கூடியது பள்ளிக்கூட ஓட்டம்தான்: தோப்பு வீடுகளிலிருந்து ஏழு குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போய் விட்டு, மாலையில் அழைத்து வருவார். அந்த வருடம் மார்ச் கடைசியில் கிளட்ச் வழுக்கியது, எஞ்சின் புகையாகக் கக்கியது. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் எல்லாவற்றையும் கழற்றிச் சரிசெய்து மாட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் குழந்தைகளை ஏற்ற வேறு வண்டி வந்துவிடும்.

எங்கள் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் போர்வெல் உண்டு. அதில் மோட்டார் தூக்குகிறவரிடமிருந்து இரும்பு முக்காலியையும், பாரம் தூக்கும் செயின் பிளாக்கையும் அப்பா வாங்கி வந்தார். முன்கண்ணாடிக்கு முன்னால் முக்காலியை விரித்து நிறுத்தினோம். பானெட் போனது, ரேடியேட்டர் போனது. அப்பா அடியில் படுத்துப் பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டைக் கழற்றினார். நான் மேலே குனிந்து வயர்களைப் பிரித்தேன். பக்கத்து வீட்டுப் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

"ஏன்டா, கொழிஞ்சாம்பாறையில இருக்கிற பட்டறையெல்லாம் மூடிப் போட்டாங்களா? பொட்டப்புள்ள கையில ஸ்பானரைக் குடுத்திருக்கறே."

"என்ற புள்ளை படிச்ச புள்ளைங்ண்ணா. எல்லாமே புஸ்தகத்துல போட்டிருக்குதாமா" என்றார் அப்பா காருக்கு அடியிலிருந்து.

அப்பாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எதைக் கழற்றினாலும் அதன் போல்ட்டை வந்த துளையிலேயே இரண்டு சுற்றுத் திருப்பி வைத்துவிடுவார். நான் அவர் வைத்ததை மறுபடி கழற்றி எடுத்தேன். ஒவ்வொரு இடத்து போல்ட்டையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டு, வெள்ளை டேப் ஒட்டி, எந்த இடத்துடையது என்று இங்கிலீஷில் பெரிய எழுத்தில் எழுதினேன்.

"எடத்துலயே இருந்தாத் தேட வேண்டாமல்ல, அம்மிணி?"

"அது பட்டறைப் பழக்கமுங்கப்பா. எஞ்சின் லேத்துக்குப் போகும்போது எங்கயாச்சும் உழுந்துரும். காலேஜ்ல இப்படித்தானுங்க சொல்லிக் குடுத்தாங்க."

அவர் அடுத்த போல்ட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். லேத்துக்கு, அதாவது சிலிண்டர் கடையும் பட்டறைக்கு, எஞ்சின் மட்டும்தான் போகும்; கியர் பாக்ஸ் எங்கும் போகப்போவதில்லை. இரண்டையும் வெளியே எடுத்துத் தனித்தனியாகப் பிரித்த பிறகு, அதன் போல்ட்டுகளையும் அப்படியே கழற்றிக் கவரில் போட்டேன். அவற்றில் நீளமானவை உண்டு, குட்டையானவை உண்டு, தடிமன் ஒன்றுதான். எது எங்கே என்று தெளிவாக எழுதினேன்.

மூன்றாம் நாள் செயினை நானே இழுத்தேன். மூக்கு நிமிர்ந்து, பின்பக்கம் தாழ்ந்து, கியர் பாக்ஸோடு சேர்ந்து எஞ்சின் மெதுவாக வெளியே வந்தது. மிச்ச ஆயில் மண்ணில் சொட்டியது. பெரியப்பாகூடக் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். தொங்கும் எஞ்சினுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தி அப்பா போனில் படம் எடுத்தார். கவர்களைக் கொட்டகைக் கம்பியில் வரிசையாகக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். இளநீர் வெட்ட வந்தவர், பால்காரர் என்று யார் வந்தாலும் அப்பா அழைத்துப் போய்க் காட்டினார்.

"பாருங்க, ரத்த டெஸ்ட்டுக்கு எழுதி வெக்கறவங்களாட்டம் எழுதி வெச்சிருக்குது."

அந்தப் படத்தைத்தான் கொச்சியில் ஒரு கார் சர்வீஸ் சென்டரின் நேர்காணலில் காட்டினேன். உடனே எடுத்துக்கொண்டார்கள். மே பாதியில் வரச் சொன்னார்கள். எஞ்சின் அப்போது லேத்தில் இருந்தது. அது வந்ததும் லீவு போட்டு வந்து மாட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். மே கடைசியில்தான் எஞ்சின் வந்தது. புதிதாகச் சேர்ந்தவளுக்கு லீவு இல்லை என்றார்கள். அப்பாவைப் போனில் கூப்பிட்டேன்.

"கவரெல்லாம் பத்திரமா இருக்குதுங்களாப்பா?"

"எல்லாம் இருக்குது. நீ உன்ற வேலையப் பாரு."

"நீங்களே மாட்டிருவீங்களா?"

"முப்பது வருசமா வண்டிக்கடியில கெடக்கறேன். மாட்ட மாட்டனா?"

நிம்மதியாகப் போனை வைத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் தெரியும். அந்தக் கவர்களை யார் படிப்பது என்ற கேள்வி மட்டும் எழவில்லை. யாராவது எனக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமல்ல.

ஜூன் இரண்டாம் சனிக்கிழமை ஊருக்கு வந்தேன். எஞ்சினும் கியர் பாக்ஸும் பழைய டயர்களின் மேல் கிடந்தன. எஞ்சினோடு சேரும் இடத்தில், போல்ட் மாட்டும் கியர் பாக்ஸின் காது ஒன்று உடைந்து, பிளவு உள்வரை ஓடியிருந்தது. குட்டை போல்ட் போக வேண்டிய துளையில் நீள போல்ட் நின்றது. இரண்டு பக்கமும் சேருவதற்கு முன்பே அது அடியில் போய் முட்டியிருக்கிறது. இடைவெளி மூடவில்லையே என்று அப்பா ஸ்பானரில் பைப்பைச் சொருகி இன்னும் அழுத்தி முறுக்கியிருக்கிறார்.

"கை தவறிப் போச்சு" என்றார்.

பெரியப்பா வேலியோரம் நின்று கேட்டார். "ஒடைஞ்ச காதை ஒட்டறதுக்கு உன்ற புஸ்தகத்துல ஏதாச்சும் இருக்குதா, அம்மிணி?"

நடந்ததை அம்மாதான் அடுப்படியில் வைத்துச் சொன்னார். "எல்லாக் கவரையும் சாக்கு மேல கொட்டி, ரெண்டு நாளு ஒவ்வொண்ணா வெச்சு வெச்சுப் பாத்தாரு. மேக்கால ஊட்டு டீச்சரம்மாகிட்டக் கொண்டுபோயிப் படிக்கச் சொல்லுங்கன்னேன். 'ஊரெல்லாம் கூப்புட்டுக் காட்டியாச்சு, இப்பப் போயி எனக்கு இது தெரியலீன்னு நிக்கறதா'ன்னு கேக்கறாரு. உனக்காச்சும் போன் பண்ணுங்கன்னேன். அதையும் பண்ணலை."

எனக்கு முதலில் வந்தது வருத்தமில்லை, கோபம். நேராகக் கொட்டகைக்குப் போய்க் கத்தினேன்.

"ஒரு போன் பண்ணியிருந்தா ஆகாதுங்களாப்பா? படம் எடுத்து அனுப்பியிருந்தா ஒவ்வொண்ணா சொல்லியிருப்பனல்ல!"

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "நீ அங்க இருந்துட்டுச் சொல்லுவே. நான் இங்க நின்னுட்டு சரி, சரிங்கோணும். அப்படித்தான?"

அவர் என்னிடம் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை.

உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் கியர் பாக்ஸ் கிடைக்கும், நான் தேடி எடுத்து வருகிறேன் என்றேன். "எதுக்கு? ஓட்டம் போயிருச்சு. பள்ளிக்கூடம் தொறந்த அன்னிக்கே ஆம்னி வேன்காரன் வந்துட்டான்" என்றார். அவர் அதற்குள் மாட்டு வியாபாரி ஒருவரிடம் பிக்கப் ஓட்டச் சேர்ந்திருந்தார். நானறிந்து அப்பா இன்னொருவரிடம் கைநீட்டிச் சாவி வாங்கியது அதுவரை கிடையாது.

சர்வீஸ் சென்டரில் என்னை முன்மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். வருகிற வண்டியின் குறைகளைக் கேட்டுச் சீட்டில் எழுதுவேன். உள்ளே இருக்கும் ஆண்கள் அதைப் படித்து வேலை செய்வார்கள். ஸ்பானரைத் தொட்டே மாதக்கணக்காகிறது. இதை அப்பாவிடம் சொல்லவில்லை. என் மகள் கொச்சியில் எஞ்சின் பிரிக்கிறாள் என்று அவர் சந்தையில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஓணம் விடுமுறைக்கு நான் வந்திருந்தபோது காரை எடுத்துப்போகப் பொளிக்காரர் வந்தார். பழைய வண்டிகளைப் பிரித்து விற்பவர்களை எங்கள் ஊரில் மலையாளம் கலந்து அப்படித்தான் சொல்வோம். அவர் நீட்டிய தாள்களை நான் வாங்கிப் பூர்த்தி செய்தேன். அப்பா பிக்கப்பை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"படிச்சுக் காட்டறேன், கேளுங்கப்பா" என்றேன்.

"படிச்சு என்ன ஆகப்போவுது. எங்க போடோணும், அதை மட்டும் காட்டு."

காட்டினேன். கைநாட்டுப் போட்டார். சந்தைக்கு நேரமாகிவிட்டது என்று, காரை லாரியில் ஏற்றுவதைப் பார்க்காமலே போய்விட்டார்.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பலமுறை நினைத்திருக்கிறேன். கேட்பதென்றால் அந்தக் கவர்களை அவரால் படிக்க முடியாது என்பதை அவர் முகத்துக்கு நேராக, என் வாயால் சொல்ல வேண்டும்.