கண்ணமங்கலத்திலிருந்து வந்த கேள்வி

போன வாரம் திண்டிவனத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கடையில் புதிதாக டிவி வாங்கியிருக்கிறார்கள். அதில் டை கட்டிய பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து வினாடி வினாவில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையனுக்கு விடை தெரியும் – முகத்திலேயே எழுதியிருந்தது. பட்டன் மேல் கை இருந்தது. ஆனால் அழுத்தவில்லை. நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது.

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நானும் ஒரு காலத்தில் தினமும் கேள்வி கேட்டவன். ஏழாம் வகுப்போடு நின்றவனுக்கு இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? கேட்பதற்குப் படிப்பு எதற்கு... பதில் சொல்லத்தானே வேண்டும்!

எழுபதுகளில் நான் ஊர் ஊராகச் சுற்றிக் கொஞ்ச நாள் ஆரணியில் தங்கினேன். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் பட்டறையில் வேலை. கொதிக்கிற அண்டாவில் நூல் கழிகளை முக்கி எடுக்க வேண்டும். படுக்கையும் அந்தப் பட்டறையிலேயே. தோல் உரியும், பிறகு பழகிவிடும். கைக்கு மட்டும் சொந்த நிறம் கிடையாது. இன்றைக்குச் சிவப்பு, நாளைக்குப் பச்சை.

பஸ் ஸ்டாண்டில் ஒரு பாய் டீக்கடை வைத்திருந்தார். வாசலில் ஒரு கரும்பலகை. அதில் ‘இன்று மசால் வடை’ என்று எழுதுவது, தினமும் காலையில் டீ குடிக்கப் போகிற என் பொறுப்பு. மீதி இடம் சும்மா இருக்கிறதே என்று ஒருநாள் கீழே ஒரு கேள்வியை எழுதினேன். வடை மடித்துக் கொடுக்கிற பழைய பேப்பரில் படித்தது. உலகத்திலேயே பெரிய பறவை எது?

அவ்வளவுதான். மறுநாள் காலையில் கேள்வி எங்கே என்று நாலு பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். நெசவுக்காரர்கள், லாரி கிளீனர்கள், பூக்காரர் ஒருவர் – பெயர் கூடத் தெரியாதவர்கள் எல்லாம் ஒரே குடும்பம் மாதிரி ஆகிவிட்டோம். சில நாள் பேப்பர் பாதியில் கிழிந்திருக்கும். கேள்வி இருக்கும், விடை வேறு யாருடைய வடையோடோ போயிருக்கும். அப்போது பாய் சொல்வதுதான் விடை.

சட்டங்கள் மூன்று. சரியாகச் சொன்னால் ஒரு டீ இலவசம். விடை வராமல் கேள்வியை அழிக்கக் கூடாது. போர்டு எழுதுகிறவன் பதில் சொல்லக் கூடாது.

வேலூர் பஸ்ஸின் கண்டக்டர் ஏழுமலை தினமும் கேள்வியைப் படித்துவிட்டுத்தான் விசில் கொடுப்பார். பஸ் கண்ணமங்கலத்தில் பத்து நிமிஷம் நிற்கும். அங்கே ஒரு தையல் கடை. இவருடைய காக்கிச் சட்டையைத் தைக்கிற எஸ்தர் என்ற பெண்ணிடம் கேள்வியைச் சொல்லியிருக்கிறார். திரும்பி வரும் பஸ்ஸில் விடை வந்தது. சரியான விடை!

பிறகு தினமும் வந்தது. டீயைப் பஸ்ஸில் அனுப்ப முடியாதே? அதற்குப் பதிலாக எஸ்தர் எப்போது வேண்டுமானாலும் ஒரு கேள்வி கேட்கலாம் என்று பாய் தீர்ப்புச் சொன்னார். எஸ்தர் அதைப் பயன்படுத்தவில்லை. விடையோடு ஏழுமலையிடம் ஒன்றை மட்டும் கேட்டு அனுப்புவார் – போர்டு எழுதுகிறவர் கை இன்றைக்கு என்ன கலர்?

முதலில் சிரித்தேன். பிறகு, பஸ் வருகிற நேரத்துக்குக் கையைக் கழுவாமல் நிற்க ஆரம்பித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏழுமலை கண்ணில் படாமல் வேறொரு பஸ்ஸில் கண்ணமங்கலத்துக்கு ஏறிவிட்டேன். பட்டறைக்கு அன்றுதான் லீவு. போய்ப் பார்த்தால் தையல் கடை பூட்டியிருக்கிறது. எஸ்தர் என்று பெயர் உள்ளவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கே இருப்பார்? சின்னக் குழந்தைக்குக் கூடத் தெரியும். ஊருக்கே பொது அறிவுக் கேள்வி கேட்கிறவனுக்குத் தெரியவில்லை! பக்கத்துக் கடையில் ஒரு சோடா குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

திங்கட்கிழமை ஏழுமலை படியிலிருந்து இறங்கும்போதே சொன்னார். “டைலர் அம்மா கேள்வி குடுத்துகிதுப்பா. எழுதிக்கோ. நேத்து வந்து, பூட்டின கடையப் பாத்துட்டுப் போன ஆளு யாரு?”

சோடாக்காரர் என் கையைப் பார்த்திருக்கிறார். அன்றைக்குப் பச்சை.

கேள்வியை நானே எழுதினேன். வேறு வழி? கடையே யோசித்தது. தபால்காரர் என்றார் ஒருவர். கரண்ட் பில் எடுக்கிறவர் என்றார் இன்னொருவர். விடைகள் பஸ்ஸில் போயின, தப்பு என்று திரும்பி வந்தன. போர்டை அழிக்கவும் முடியாது. மூன்றாம் நாள் பாய் பொறுமை இழந்தார். “இன்னா பேஜாராக்கீது. தெரிஞ்சவன் யார்னா சொல்லித் தொலைங்கப்பா.”

சாக்பீஸை எடுத்துச் சட்டத்தை மீறினேன். ‘போர்டு எழுதுகிறவன்.’

ஏழுமலை ஒரு தடவை படித்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், விசில் கொடுத்தார்.

மாலை பஸ்ஸில் பதில் வந்தது. விடை சரி. அடுத்த கேள்வி – ஏன் வந்தான்?

அதையும் எழுதினேன். எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தார்கள்.

விடை எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த விடையைச் சொன்னால் அதற்குப் பின்னால் ஒரு வீடு வேண்டும், ஒழுங்கான சம்பளம் வேண்டும், அவர் சபைக்காரர்களிடம் பேச எனக்கென்று நாலு பேர் வேண்டும். என்னிடம் சாயக்கறையோடு இரண்டு சட்டைகள் இருந்தன. பெங்களூரில் ஒரு பெரிய பட்டறையில் கூலி அதிகம் என்றார்கள். கிளம்பிவிட்டேன்.

“இன்னாப்பா, வாயில கொழுக்கட்டையா?” என்று கிளம்புகிற அன்று கேட்டார் ஏழுமலை. “அந்த அம்மா டெய்லி கேட்டுகினுகீது. நான் இன்னான்னு சொல்றது?”

“விடை வந்துகினே இருக்குதுன்னு சொல்லுங்க.”

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கையில் கொஞ்சம் காசு, பிடித்து வைத்த ஒரு வாடகை அறை, ஒரு புதுச் சட்டை. இந்தத் தடவை செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துக் கண்ணமங்கலத்தில் இறங்கினேன். தையல் கடை இருந்த இடத்தில் பாத்திரக் கடை.

சோடாக்காரர் என் கையைப் பார்த்தார். “ஆரணி போர்டுக்காரர் தானே நீங்க?”

தலையாட்டினேன்.

“ஆம்பூர் பக்கம் கட்டிக் குடுத்துட்டாங்க. நீங்க வந்தா ஒண்ணு சொல்லச் சொல்லிச்சுங்க. கேள்விய அழிச்சிடலாமாம்.”

சொல்லிவிட்டு, நான் கேட்காமலேயே ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் உட்கார்ந்த உடனே தூங்கிவிடுகிற ஆள் நான். வேலூர்–ஆரணி பஸ்ஸில் மட்டும் இன்றைக்கும் கண்ணை மூடுவதில்லை.

கண்ணமங்கலத்தில் பத்து நிமிஷம் நிற்கிறதே!